காலில் சிலந்தி வலைக் கோடுகள்: கேட்டவர்களுக்குப் பதில்

ரத்தக்குழாய் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தொடையிலும் கெண்டைக்காலிலும் சிவப்பாக, நீலமாகப் படரும் கோடுகளைப் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

தொடையில் ஊதாக் கோடுகள். நரம்புத் தளர்ச்சி என்று பத்து நாள் சத்து ஊசி போட்டார்கள். கோடு அப்படியே இருக்கிறது.

இருக்கத்தான் செய்யும். வலி, தொடுதல் உணர்வைக் கொண்டுபோவதையும் நரம்பு என்கிறோம், ரத்தம் ஓடும் குழாயையும் நரம்பு என்கிறோம். அதில் வந்த குழப்பம் இது. உங்கள் காலில் தெரிவது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துப்போகும் குழாய். பி12 போன்ற சத்து ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1 மில்லிமீட்டருக்கும் மெல்லிசாக இருந்தால் சிலந்தி நரம்பு என்கிறார்கள். 3 மி.மீ. தாண்டிப் புடைத்து, முறுக்கிக்கொண்டு நின்றால் அதுதான் வெரிகோஸ், நம் ஊர்ப் பேச்சில் நரம்புச் சுருட்டு. வலியோ வீக்கமோ இல்லையென்றால் உங்களுடையது பார்வைக்கு மட்டும்தான் தொந்தரவு. அப்படியே விடலாம்.

துணிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிறேன். சாயங்காலம் கால் கனக்கிறது. கோடுகளும் கூடுகின்றன.

காலில் இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது இறுகி ரத்தத்தைத் தள்ளும். தள்ளியது திரும்பாமல் சிரைக்குள்ளிருக்கும் வால்வு மூடிக்கொள்ளும். அசையாமல் நின்றால் பம்ப் ஓடாது, வால்வு மட்டும் பாரம் தாங்கும். அம்மாவுக்கும் இருந்திருந்தால் உங்களுக்கு வர வாய்ப்பு அதிகம்.

புடவை விரித்துக் காட்டும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், யாருக்கும் தெரியாது. முழங்கால்வரை வரும் இறுக்கமான காலுறையைக் காலையில் கால் வீங்குவதற்கு முன்பே போடவேண்டும். சர்க்கரை நோயாளிகள், புகைப்பவர்கள் பாதத்துக்கு ரத்தம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடலாம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்தியாயிற்று. நான் போன கடையில் ஸ்டூல் இருந்தது, அதன்மேல் புடவைக் கட்டு உட்கார்ந்திருந்தது.

கோடு மறைய மருந்தூசி போட்டு அந்தச் சிரையை அடைத்துவிட்டால் ரத்தம் எப்படிப் போகும்?

வேறு வழியில் போகும். காலில் சிரைகளுக்குப் பஞ்சமில்லை. முடிபோல மெல்லிய ஊசியில் பாலிடோகனால் போன்ற மருந்தைச் செலுத்துவோம். மருந்து ஏற ஏற அந்தக் கோடு கண்ணெதிரே வெளுத்து மறையும். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் "போயிடுச்சு!" என்பார்கள். போகவில்லை. ஐந்து நிமிடத்தில் கொசு கடித்ததுபோல் தடித்து முன்பைவிட மோசமாகத் தெரியும். குழாயின் உட்சுவர் புண்பட்டு ஒட்டி, உடம்பு அதைக் கரைக்க வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் ஒரே தடவையில் முடியாது. சிலருக்குப் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும். ஒரு மாதத்தில் கல்யாணம், அதற்குள் சரியாகவேண்டும் என்று வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

லேசர் நல்லதா?

மாநிறத் தோலில் கவனம் வேண்டும். தோலின் கருமை நிறமியும் லேசரை இழுத்துக்கொள்ளும், சுட்டுவிடும். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி யாக் வகை லேசர் நமக்குக் கொஞ்சம் பாதுகாப்பு. கால் கோடுகளுக்கு நான் முதலில் ஊசியைத்தான் சொல்வேன்.

ஏழு மாதக் கர்ப்பம். இப்போது செய்யலாமா?

வேண்டாம் அம்மா. பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் நிறைய தானே மங்கிவிடும்.

அப்பாவுக்கு 58 வயது. கோடுகள் கொஞ்சம்தான். ஆனால் கணுக்காலுக்கு உள்பக்கம் கருத்து அரிக்கிறது. படர்தாமரைக் களிம்பு போடுகிறோம்.

இவ்வளவு கேள்விகளில் என்னைக் கவலைப்படுத்தியது இதுதான். களிம்பை நிறுத்துங்கள். அந்தக் கருப்பு பெரும்பாலும் அழுக்குமல்ல, பூஞ்சையுமல்ல. உள்ளே பெரிய சிரையில் வால்வு பழுதாகி, ரத்தம் தேங்கி, சிவப்பணுக்கள் தோலுக்குள் கசிந்து விட்டுப்போன இரும்புக் கறை. அடுத்த கட்டம் ஆறாத புண். விரலால் அழுத்திப் பாருங்கள், தோல் மரக்கட்டைபோல் இறுகியிருந்தால் தாமதிக்கக்கூடாது. ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கவேண்டும். அப்பாவை நிற்கவைத்து எடுக்கச் சொல்லுங்கள். படுக்கவைத்து எடுத்தால் ரத்தம் பின்னோக்கி வருவது தப்பிவிடலாம். பழுது தெரிந்தால் லேசர் அல்லது ரேடியோ அலை இழையை உள்ளே விட்டு அந்தச் சிரையை மூடிவிடலாம், பெரும்பாலானவர்கள் அன்றே நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். மூலகாரணத்தை விட்டுவிட்டு மேலே உள்ள கோட்டுக்கு மட்டும் ஊசி போட்டால் அது திரும்ப வரும்.

எண்ணெய் தேய்க்கலாமா?

அசதிக்குத் தேய்க்கலாம், கோடு போகாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் கை வைக்காதீர்கள், உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

குளிக்கும்போது தேய்த்ததில் ஒரு நரம்பு உடைந்து ரத்தம் பீய்ச்சியது. பயந்துவிட்டோம்.

வெந்நீரில் அப்படி நடப்பதுண்டு. உட்காரவைத்துத் துணி சுற்றிக்கொண்டிருந்தால் நிற்காது. படுக்கவைத்து, காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி, ரத்தம் வரும் இடத்தில் விரலால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். நின்றதும் கட்டுப் போட்டுக் கூட்டிவாருங்கள்.