125-ஐ அப்படியே எழுதிவிட்டீர்களா?

கேள்வி: பழைய இன்டெல் ஜிகாபிட் நெட்வொர்க் கார்டின் ஃப்ரீபிஎஸ்டி டிரைவரை, கற்றுக்கொள்வதற்காக ஐஎஃப்லிப்புக்கு (நெட்வொர்க் டிரைவர்களுக்கு ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் தரும் பொதுச் சட்டகம்) மாற்றி எழுதினேன். பெரிய ஃபைல் இறங்கும்போது பழைய டிரைவரில் வினாடிக்கு 8,000 இன்டரப்ட்தான், அதாவது கார்டு அத்தனை தடவைதான் சிபியுவைக் கூப்பிடும். என்னுடையதில் 31,000-ஐத் தாண்டுகிறது, சிபியு திணறுகிறது. 125 மைக்ரோசெகண்ட் இடைவெளி கொடுத்திருக்கிறேனே! பிங் நேரம் (ஒரு சின்னப் பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) மட்டும் குறைந்திருக்கிறது. அப்படியே விடலாமா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, 31,000 என்று படித்ததுமே பேப்பரில் வகுத்துப் பார்த்துவிட்டேன். இரண்டு இன்டரப்ட்டுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று குறித்து வைக்கும் அந்தக் கார்டின் ஐடிஆர் ரெஜிஸ்டருக்கு மைக்ரோசெகண்ட் தெரியாது. அது 256 நானோசெகண்டை ஒன்று என்று எண்ணும். நீங்கள் 125 எழுதினால் அதற்கு 32 மைக்ரோசெகண்ட், அதாவது வினாடிக்கு 31,250. உங்களுக்கு வேண்டியது 488. பழைய டிரைவர் இந்தக் கணக்கை ஒரு மேக்ரோவுக்குள் (பெயர் வைத்த சின்னக் கோடு துண்டு) போட்டு வைத்திருக்கும். மாற்றி எழுதும்போது அதுதான் விட்டுப்போகும்.

டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ எடுக்கிறவருக்கு இது புரியும். ஒரே ஆளோடு கிளம்பினால் அந்த ஆள் சீக்கிரம் பாரிமுனை போவார், வண்டிக்குக் கட்டுப்படியாகாது. உங்கள் பிங்தான் அந்த ஒற்றை ஆள். 1,500 பைட் பாக்கெட்டுகள் முழு ஜிகாபிட்டில் வினாடிக்குச் சுமார் 81,000 வரும். 8,000 இன்டரப்ட் என்றால் ஒரு நடைக்குப் பத்து பாக்கெட். உங்களுடையதில் இரண்டு, மூன்று. ஃபைல் இறக்கும் மெஷினுக்கு இது வேண்டாம், 488-ஏ போடுங்கள்.

அப்புறம், அதை எங்கே எழுதியிருக்கிறீர்கள்? அட்டாச்சில் (டிரைவர் கார்டோடு சேரும்போது ஒரு தடவை மட்டும் ஓடும் பகுதி) என்றால் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். காசிமேட்டில் ஒரு ஐஸ் கடையின் கேமரா பெட்டிக்கு நான் இப்படித்தான் செய்து இரண்டு ராத்திரி தூக்கத்தைத் தொலைத்தேன். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். யாராவது எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) மாற்றினால் இன்டரப்ட் கொட்டும். எம்டியு மாறினால் ஐஎஃப்லிப் கார்டை நிறுத்தி இனிட்டை (கார்டை ஓட்டத்துக்குத் தயார் செய்யும் பகுதி) மறுபடி கூப்பிடும், அதில் கார்டு ரீசெட் ஆகி ஐடிஆர் பூஜ்யமாகிவிடும். பூஜ்யம் என்றால் கட்டுப்பாடே இல்லை. இனிட்டுக்குள், ரீசெட்டுக்குப் பிறகு எழுதுங்கள்.

எழுதியதும் எம்டியுவை ஒரு தடவை மாற்றிவிட்டு, ஃபைலை இறக்கிக்கொண்டே, இன்டரப்ட்டுகளை எண்ணிக் காட்டும் 'விஎம்ஸ்டாட் -ஐ' அடித்துப் பாருங்கள். அதில் வினாடிக்கு இத்தனை என்று வருவது பூட் ஆனதிலிருந்து உள்ள சராசரி. பத்து வினாடி இடைவெளியில் இரண்டு தடவை அடித்து, மொத்த எண்ணிக்கையைக் கழித்துப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.