ஹர்டி-கர்டியில் பிரெஞ்சு பரோக்: கேள்வி பதில்

கைப்பிடியைச் சுற்றி வாசிக்கும் தெருவாத்தியம்தானே இது? பரோக் சொனாட்டா எங்கிருந்து வந்தது?

தெருவில் இருந்ததும் உண்மை, அரண்மனைக்குப் போனதும் உண்மை. பிரெஞ்சில் இதன் பெயர் வியெல் அ ரூ. ரோசின் (வயலின் வில்லுக்குத் தடவும் பிசின்) தடவிய மரச்சக்கரம் முடிவே இல்லாத வில்லாகத் தந்திகளை உரசும். இடது கை கட்டைகளை அழுத்தும். ஒவ்வொரு கட்டையிலும் உள்ள மரநாக்குகள் மெட்டுத் தந்திகளைத் தொட்டுச் சுரத்தை மாற்றும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இடையர் வாழ்க்கையை நடித்துப் பார்க்கும் மோகம் பிரெஞ்சுப் பிரபுக்களைப் பிடித்தது. வெர்சாய் கைவினைஞர் ஆன்ரி பாத்தோன் பழைய கித்தார், லூட் உடல்களில் சக்கரம் பொருத்தி, நயமான ஒலியுள்ள வாத்தியங்களைச் செய்தார். புவாமோர்த்தியே, நோதோ, ஷெத்வில் சகோதரர்கள் போன்ற இசையமைப்பாளர்கள் எல்லாம் இதற்கு எழுதினார்கள். பதினைந்தாம் லூயியின் அரசி மரி லெஷின்ஸ்காவே வாசித்தவர்.

ஏன் எல்லாமே C, G சுருதியில் மட்டும்?

ஆதார சுருதித் தந்திகள் மெட்டோடு சேர்ந்து ஒலித்துக்கொண்டே இருப்பதால். மெட்டுத் தந்திகள் இரண்டும் நடு C-க்கு மேலுள்ள G-யில் ஒரே சுருதியாக நிற்கும். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ‘மூஷ்’ என்ற G தந்தி. C-யில் வாசிக்கும்போது இந்த மூஷ் பஞ்சமம்; G-யில் வாசிக்கும்போது அதுவே ஷட்ஜம். அதனால் அதைத் தொடவே வேண்டாம். C-க்கு: ட்ரோம்பெத் (உறுமும் ஒலி தரும் ஆதாரத்தந்தி) நடு C-யில், கீழ் C ஆதாரத்தந்தி சக்கரத்தின் மேல், கனமான G தந்தி விலக்கிவைக்கப்பட்டிருக்கும். G-க்கு: ட்ரோம்பெத்தை ஒரு முழுச்சுரம் ஏற்றி D ஆக்கி, கீழ் C-யை விலக்கி, கனமான G-யைச் சக்கரத்தில் இறக்க வேண்டும். மைனரிலும் இதே இரண்டு ஏற்பாடுகள்தான்.

எலக்ட்ரானிக் ட்யூனரில் எல்லாச் சுரமும் பச்சை விளக்கு காட்டுகிறது. வாசித்தால் E மட்டும் குத்துகிறது. ஏன்?

ட்யூனர் சமப்பகுப்பு முறையில், அதாவது ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாக வெட்டி, பேசுகிறது. உங்கள் காதோ அடியில் ஒலிக்கும் C-யோடு ஒப்பிடுகிறது. C-யோடு அதிர்வின்றி ஒட்டும் E, ட்யூனர் காட்டும் இடத்தைவிட 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கீழே இருக்கிறது. தம்புராவோடு அந்தர காந்தாரம் பாடிப் பழகிய காதுக்கு இது உடனே தெரியும். B-யையும் 12 சென்ட் இறக்குங்கள். D-யை 4 சென்ட் ஏற்றினால் போதும்.

சிக்கல் A-யில்தான். C ஆதாரத்துக்குச் சுத்தமான A, ட்யூனரைவிட 16 சென்ட் கீழே. ஆனால் G-க்கு மாறியதும் ட்ரோம்பெத் D-யில் ஒலிக்கிறது. அந்த D-க்குப் பஞ்சமமாக நிற்க A, ட்யூனரைவிட 6 சென்ட் மேலே இருக்க வேண்டும். ஒரே கட்டைக்கு 22 சென்ட் இடைவெளியில் இரண்டு இடங்கள்! நிகழ்ச்சி முழுக்க ஒரே சுருதி என்றால் அதற்கே வைத்துவிடுங்கள். இரண்டும் கலந்து வந்தால் ட்யூனருக்கு 5 சென்ட் கீழே வைப்பது என் சிபாரிசு. எங்கும் சுத்தமாக இருக்காது, எங்கும் உறுத்தவும் உறுத்தாது.

சரிசெய்ய மரநாக்கைத் திருப்புங்கள்: சக்கரப் பக்கம் திருப்பினால் சுருதி ஏறும், பிரடைப் பக்கம் திருப்பினால் இறங்கும். ஒரு கட்டைக்கு இரண்டு நாக்குகள் உண்டு. ஒரு மெட்டுத் தந்தியைச் சக்கரத்திலிருந்து தூக்கிவைத்துவிட்டு, மற்றதை முழுவதும் முடியுங்கள். பிறகு இரண்டாவதை முதலாவதோடு ஒட்டவையுங்கள். வாசிக்கும் அதே வேகத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்க வேண்டும்.

தந்தியில் பஞ்சு எவ்வளவு சுற்றுவது? எனக்கு ஒன்று கீச்சிடுகிறது, இல்லையென்றால் அமுங்கிவிடுகிறது.

தந்தி சக்கரத்தைத் தொடும் இடத்தில், விளிம்பின் அகலத்தைவிடச் சற்றே நீளமாக, உள்ளே தந்தி மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிசாக. நீளமான இழையுள்ள பஞ்சை எடுத்து, ஊதினால் பறக்கும் அளவு பிரித்துக்கொள்ளுங்கள். சக்கரம் சுற்றும்போது பஞ்சு இறுகும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் நாலைந்து சுற்றிலேயே பிரிந்து குவியும்.

கீச்சிட்டால் பஞ்சு குறைவு அல்லது ரோசின் அதிகம். அமுங்கினால் பஞ்சு அதிகம். இரண்டும் சரியாக இருந்தும் மேல்ஸ்தாயி சுரங்கள் கரகரத்தால் தந்தி சக்கரத்தை மிகவும் அழுத்துகிறது: குதிரையின் பள்ளத்தில் தந்திக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் செருகுங்கள். அதற்கு மேல் இன்னொரு துண்டு, ஒவ்வொன்றாக. கூடிப்போனால் ஒலி கண்ணாடிபோல மெலிந்து உடையும். அப்போது ஒன்றை உருவிவிடுங்கள். சக்கர விளிம்பை விரலால் தொடவே தொடாதீர்கள். தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் தந்தி வழுக்கும்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை ஒலி ஏறி இறங்குகிறதே?

ரோசின் திட்டாக இருக்கலாம். உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி தடவிப் பாருங்கள். மாறவில்லை என்றால் ஈரப்பதத்தில் சக்கரம் வட்டம் பிசகியிருக்கிறது. அது வாத்தியம் செய்பவரின் வேலை. உப்புத்தாளை எடுக்காதீர்கள்.

‘நாய்’ ஓயாமல் உறுமுகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் அது. ட்ரோம்பெத் தந்தியின் கீழ் ஒரு கால் ஊன்றாமல் நிற்கும் சிறு குதிரை. கைப்பிடியைச் சட்டென்று வெட்டிச் சுற்றினால் அந்தக் கால் பலகையில் தட்டி ‘ர்ர்’ என்று ஒலிக்கும். ட்ரோம்பெத்தைப் பக்கவாட்டில் இழுக்கும் ‘திராந்’ என்ற நூல் உண்டு. அதன் சிறு பிரடையைத் தளர்த்தினால் நாய் அடங்கும், இறுக்கினால் துள்ளும். சீராகச் சுற்றும்போது மௌனம், மணிக்கட்டு வெட்டினால் மட்டும் ஒலி என்ற எல்லையில் நிறுத்துங்கள். ட்ரோம்பெத்தின் சுருதியை C-யிலிருந்து D-க்கு மாற்றினால் திராந்தையும் மறுபடி பார்க்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

கிராமிய நடனம்போல எல்லாச் சுரத்திலும் உறுமவைப்பது பரோக்குக்குப் பொருந்தாது. மென்மையான மெதுவான பகுதிகளில் விட்டுவிடலாம். தாம்பூரேன், ரிகோதோன் போன்ற நடனங்களில் தாராளமாக.

ஒரு சுரத்துக்கு எத்தனை சுற்று?

டுப்யூயி (1741), பூயென் (1761) ஆகியோரின் கையேடுகள் சுற்றைப் பின்னங்களாகவே கற்பிக்கின்றன. மிதமான வேகத்தில் கிராட்செட்டுக்கு (பொதுவாக ஒரு தட்டு நீளும் சுரம்) முழுச் சுற்று, அதில் பாதியான குவேவருக்கு அரை, அதிலும் பாதியான செமிகுவேவருக்குக் கால், ஒரு கிராட்செட்டில் மூன்று சுரம் வந்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒன்று என்று தொடங்குங்கள். வேக நடனத்தில் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

இனி பிரெஞ்சுப் பாணியின் உயிர்: அடுத்தடுத்த சுரங்களாக நடக்கும் குவேவர் இணைகளை எழுதியபடி சமமாக வாசிப்பதில்லை. முதலாவது நீளும், இரண்டாவது குறுகும். இதைச் சக்கரத்தால் செய்ய முயன்றால் நொண்டும். சக்கரம் சீராகவே போகட்டும்; நீட்டலும் குறுக்கலும் விரலில் இருக்கட்டும்; வெட்டு, இணையின் முதல் சுரத்தில் மட்டும் விழட்டும். தாவிச் செல்லும் சுரங்களைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். 6/8 தாளத்து ஜிக் நடனத்தின் குவேவர்களும் அப்படியே.

ட்ரில் (அடுத்தடுத்த இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி ஒலிக்கும் அலங்காரம்) தெளிவாக வரவில்லை.

கீபோர்டுபோல இரண்டு விரலையும் மாற்றி மாற்றி அடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் சக்கரத்துக்கு அருகிலுள்ளது, அதாவது மேல்சுரம், மட்டுமே கேட்கும். எனவே கீழ்க்கட்டையை அழுத்தியே வைத்து மேல்விரலை மட்டும் ஆட்டுங்கள். பிரெஞ்சு ட்ரில் மேல்சுரத்தில்தான் தொடங்கும்: இரண்டையும் சேர்த்து அழுத்தித் தொடங்கினால் அது தானாக வந்துவிடும். பின்ஸே என்ற கீழ்நோக்கிய அலங்காரத்துக்கு இதே உத்தி தலைகீழாக: கீழ்ச்சுரத்தை முன்பே பிடித்துவைத்து, மூலச்சுரத்து விரலைச் சட்டென்று எடுத்து வையுங்கள்.

எல்லா விரலும் எழுந்தால் திறந்த G கேட்கும். C-யில் அது பஞ்சமம் என்பதால் குற்றமில்லை. ஒரே சுரம் திரும்ப வரும்போது பிரித்துக் காட்டவும் உதவும்.

முதலில் எதை எடுக்கலாம்?

விவால்டியின் பெயரில் 1737-இல் பாரிஸில் வெளிவந்த ‘இல் பாஸ்டர் ஃபீடோ’வின் ஆறு சொனாட்டாக்களைப் பாருங்கள், உண்மையில் அவற்றைத் தொகுத்து எழுதியவர் நிக்கோலா ஷெத்வில். நான்காவது A மேஜரில் இருப்பதால் அதை ஆதாரத்தந்திகளை விலக்காமல் வாசிக்க முடியாது. தள்ளிவையுங்கள். அந்தக் காலத்து முகப்புப் பக்கங்கள் ‘முசெத், வியெல், புல்லாங்குழல்’ என்று சேர்த்தே சொல்லும். முசெத் என்ற துருத்திக்குழல் உங்கள் திறந்த G-க்குக் கீழே F வரை இறங்கும். அந்த F வரும் இடத்தில் அந்தச் சுரத்தை மட்டும் தூக்காமல், சொற்றொடர் முழுவதையும் ஒரு ஸ்தாயி மேலே எடுத்து வாசியுங்கள்.