சுவரில் ஒட்டிய படம் யாருக்காவது உதவுகிறதா?

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை இருக்கிறது. எந்த டிசைன் எவ்வளவு போகிறது, எதில் எத்தனை கல் உடைகிறது என்று மாதா மாதம் துண்டு துண்டாகப் பிரித்த வட்டப் படமாக (பை சார்ட்) போட்டு, கலர் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுகிறேன். கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கு" என்கிறார்கள். அப்பச்சி மட்டும் இன்னும் நோட்டைத்தான் புரட்டுகிறார். படம் உதவுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு வாசகி, ஆத்தங்குடி

பதில்: "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். ராத்திரி கண்விழித்துப் போட்டிருக்கிறீர்கள், யாருக்கு மனசு வரும் குறை சொல்ல? அதனால் அபிப்பிராயம் கேட்காமல் வேலை கொடுங்கள். ஒருவரைத் தனியாகப் படத்தின் முன் நிறுத்தி, "போன மாதம் எந்த டிசைனில் அதிகம் உடைந்தது?" என்று கேட்டுவிட்டு, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் பேசவே கூடாது. அவர் தடுமாறும்போது "அந்தப் பச்சையைப் பாருங்க" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் சோதனை கெட்டது. பதில் சரியா, எவ்வளவு நேரம் ஆனது, எங்கே திணறினார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு மகளிர் குழுவின் கடன் பாக்கியை நானும் இப்படி வட்டமாகத்தான் போட்டுக் கொடுத்தேன். எந்த மாதம் பாக்கி அதிகம் என்று ஒரு ஆச்சியிடம் கேட்டபோது, அவர் விரல் ஒரு துண்டின் மேல் நின்றது, கீழே கலர் விளக்கக் கட்டத்துக்கு இறங்கியது, திரும்ப மேலே போவதற்குள் எந்தக் கலர் என்பது மறந்துபோய் மறுபடி இறங்கியது. மூன்றாவது தடவை, பையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டார். தப்பு முழுக்க என் படத்தில்.

1984-இல் கிளீவ்லாந்து, மெக்கில் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை ஆட்களை வைத்தே சோதித்தார்கள். ஒரே கோட்டிலிருந்து தொடங்கும் பட்டைகளை மனிதக் கண் ஓரளவு சரியாக ஒப்பிடுகிறது, வட்டத் துண்டுகளில் அதைவிட அதிகம் தவறுகிறது. அதனால் பட்டைகளாக மாற்றுங்கள், பெரியதை மேலே வையுங்கள், டிசைன் பெயரைப் பட்டையின் பக்கத்திலேயே எழுதுங்கள், கலர் கட்டமே வேண்டாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆண்கள் பட்டறையில் ஒருவராவது இருக்கலாம், அவருக்கும் அது உதவும்.

எத்தனை பேரிடம் கேட்பது? பெரிய குறைகளைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் போதும் என்று, இணையதளங்களை ஆட்களை வைத்துச் சோதிப்பதில் பேர்போன ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். என் அனுபவமும் அதுதான். திருத்திவிட்டு வேறு ஐந்து பேரிடம் மறுபடி கேளுங்கள்.

நோட்டையும் போட்டியில் சேருங்கள். ஒரு குறிப்பிட்ட நாளின் கணக்கு என்றால் நோட்டுதான் ஜெயிக்கும், ஜெயிக்கட்டும். ஆறு மாதமாக உடைசல் கூடுகிறதா குறைகிறதா என்ற கேள்விக்கும் நோட்டே முந்தினால் படத்தைக் கழற்றிவிடுங்கள். படத்தைப் பார்த்துவிட்டு, உடையும் டிசைனை இன்னும் ஒரு நாள் கூடுதலாகத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்ப்போமா என்று பட்டறையில் யாராவது கேட்டால், அது வேலை செய்கிறது.

சரி, முதல் ஆளாக அப்பச்சியிடமே போங்கள். எதைத் தேடி நோட்டைப் புரட்டுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்தக் கேள்வியையே அடுத்த மாதப் படத்துக்குத் தலைப்பாக எழுதுங்கள்.