எஸ்.பி.எம். படிப்போடு நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 29. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) வரைதான் படித்தேன். அடுத்த பொதுத் தேர்தலில் மலேசிய நாடாளுமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்க ஆசை. பட்டதாரியாக இருக்க வேண்டும் என்கிறார்கள் தோட்டத்து நண்பர்கள். 2019-ல் ஓர் அடிதடி வழக்கில் நீதிமன்றம் 2,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் போட்டது, கட்டிவிட்டேன். 2022-ல் மாமா பேராக் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நின்று தோற்றார். நான்தான் அவருடைய தேர்தல் முகவர். இவை தடையா?

பதில்: தம்பி, படிப்பைப் பற்றிய கவலையை விடுங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 47-ஆவது பிரிவு படிப்பைக் கேட்கவே இல்லை. குடியுரிமை, நாட்டில் வசிப்பது, வயது, இவ்வளவுதான். மக்களவைக்கு முன்பு 21 வயது; 2019-ல் நிறைவேறிய திருத்தத்துக்குப் பிறகு 18. மேலவைக்கு 30. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் (நிரந்தரவாசிகள்) எத்தனை ஆண்டு இங்கே இருந்தாலும் நிற்க முடியாது.

சிக்கல் 48-ஆவது பிரிவில் இருக்கிறது. ஓராண்டுக்குக் குறையாத சிறை, அல்லது 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம் என்றால் தகுதி போய்விடும் என்கிறது அது. 'குறையாத' என்பதால் சரியாக 2,000 கட்டியவர்களும் மாட்டலாம். 2018-ல் 'பத்து' (Batu) என்ற நாடாளுமன்றத் தொகுதியில் அரசியல்வாதி தியான் சுவாவின் வேட்புமனுவை இந்தத் தொகைக்காகவே நிராகரித்தார்கள். அவர் நீதிமன்றம் போனார். ஆனாலும் அந்தத் தேர்தலின் வாக்குச்சீட்டில் அவர் பெயர் இல்லை. 22 வயது சுயேச்சை பி. பிரபாகரன்தான் அங்கே ஜெயித்தார். உங்கள் விஷயத்தில் நல்ல செய்தி: அபராதம் விதித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டோடு இந்தத் தடை முடிகிறது. உங்களுக்கு 2024-லேயே முடிந்துவிட்டது. தீர்ப்பு நகலையும் ரசீதையும் மட்டும் பத்திரமாக வையுங்கள். மனுத்தாக்கல் அன்று யாராவது கேட்டால் உடனே காட்டலாம். போலீஸ் சம்மனுக்குக் கட்டிய காம்பவுண்டு (நீதிமன்றம் போகாமல் கட்டும் தொகை) நீதிமன்றத் தண்டனை ஆகாது, அதை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது மாமாவின் தேர்தல்தான். முடிவு அரசிதழில் வெளியான 31 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். செய்யவில்லையென்றால் வேட்பாளருக்கு மட்டுமல்ல, முகவருக்கும் தகுதி போகும். சட்டமன்றத் தேர்தல் கணக்குக்கும் இது பொருந்தும். சில நூறு வெள்ளிதானே செலவு, தோற்றாச்சு, இனி எதற்குக் கணக்கு என்று விட்டுவிடுகிற சுயேச்சைகள் உண்டு. கணக்கைக் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஐந்து ஆண்டு எண்ணினால் தடை ஏறக்குறைய 2027 கடைசி அல்லது 2028 தொடக்கம் வரை நீளும். இப்போதைய நாடாளுமன்றம் முதலில் கூடியது 2022 டிசம்பர் 19. முன்கூட்டிக் கலைக்காவிட்டால் 2027 டிசம்பரில் தானாகக் கலைந்து, 60 நாளுக்குள் தேர்தல் வரும். கணக்கு கொடுக்காமல் விட்டிருந்தால், சில வார வித்தியாசத்தில் உங்கள் வாய்ப்பு போகலாம், முன்கூட்டிக் கலைத்தால் நிச்சயம் போகும். மாமாவிடம் முத்திரை குத்திய நகல் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால் ஈப்போவில் உள்ள மாநிலத் தேர்தல் அலுவலகத்தில் விசாரியுங்கள். கணக்கு கொடுக்கவே இல்லை என்று தெரிந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். தடையை நீக்கும் அதிகாரம் மாமன்னருக்கு உண்டு.

மற்றவை சுருக்கமாக. திவாலாகி விடுவிக்கப்படாதவர் நிற்க முடியாது. யாருக்காவது கார் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், இன்சால்வென்சி இலாகாவில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக் கடன் பாக்கியால் சி.டி.ஓ.எஸ். (கடன் தகவல் நிறுவனம்) பட்டியலில் பெயர் இருப்பது வேறு, திவால் வேறு. முழுநேர அரசாங்க வேலையில் இருப்பவர் விலகிய பிறகே நிற்கலாம்.

முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். வைப்புத்தொகை 10,000 வெள்ளி. பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்குகூடக் கிடைக்காவிட்டால் திரும்ப வராது. அப்புறம், மனுத்தாக்கல் மையத்துக்குள் போக அனுமதி அட்டையை முன்பே வாங்கி வையுங்கள். 2018-ல் ரந்தாவ் தொகுதியில் அட்டை இல்லை என்று ஒரு வேட்பாளரை வாசலிலேயே நிறுத்தினார்கள். நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்து செய்து, 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்தது.