வீட்டுப் பாதுகாப்பில் நாம் கவனிக்காமல் விடும் ஓட்டைகள் எவை?

முன்கதவுக்குத் தேக்கு, விலை உயர்ந்த பூட்டு என்று செலவழிப்போம். மொட்டைமாடிக் கதவுக்கோ ஒரு தகரமும் ஒற்றைத் தாழ்ப்பாளும்தான். பின்பக்கம் ஏணியும் சாய்ந்து கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

பூட்டு எவ்வளவு கனமாக இருந்தாலும், அது தொங்கும் கொண்டியைப் பாருங்கள். கதவு மூடியிருக்கும்போது ஸ்க்ரூ தலைகள் வெளியே தெரிந்தால், ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், பூட்டோடு சேர்ந்து கழன்றுவிடும். கதவைத் துளைத்து, வெளியே வழவழப்பான தலை, உள்ளே நட்டு என்று போல்ட் போடச் சொல்லுங்கள். தச்சருக்குச் சின்ன வேலை.

வெளிப்பூட்டே ஆள் இல்லை என்று சொல்லிவிடும், கதவுக்குள்ளேயே பதிந்த உள்பூட்டு அதைவிட நல்லது. வாசலில் சேரும் செய்தித்தாளும் பகலிலும் எரியும் விளக்கும்கூட ஆள் இல்லை என்றுதான் சொல்லும். அப்புறம், மீட்டர் பெட்டிக்குள் சாவி (இன்னுமா?). வெளியூர் போனால் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள்.