உன்னைச் சொல்லவில்லை

தம்பி, உங்கள் கேள்வி வந்து ஒரு கிழமைக்கு மேல் ஆகிவிட்டது. அம்மாவின் திவசத்துக்கு மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதிக்கு வந்து நிற்கிறேன். வீடு நிறைய ஆக்கள். இரவில்தான் ஒள்ளுப்பம் அமைதி. விறாந்தையில் இருந்து போனில் தட்டுகிறேன், நுளம்பு வேறு கடிக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது இது. குருக்கள்மடத்திலிருந்து கலியாணம் கட்டி சுவிசுக்கு வந்து எட்டு மாதம். கடிதப் பெட்டிக்குள் ஒரு நோட்டீஸ், ஸ்டேஷனிலும் அதே எழுத்து: பத்து மில்லியன் சுவிஸ் வேண்டாம். அங்கே பிறந்து வளர்ந்த உங்கள் மனுசி, "இது வருசா வருசம் வாற கூத்து, விடுங்க" என்கிறா. ஆனால் வேலைத்தலத்தில் உங்களுக்கு எல்லாம் காட்டித் தருகிற அந்த நல்ல மனிதர், "ஆக்கள் கூடித்தான் போச்சு, உன்னைச் சொல்லவில்லை" என்றாராம். அதற்குப் பிறகு உங்களுக்கு நித்திரை வரவில்லை. பயப்பட வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

நாளைக்கே யாரும் பெட்டியைக் கட்டச் சொல்லப்போவதில்லை. அந்த அளவில் மனுசி சொல்வது சரி. ஆனால் நோட்டீஸைக் குப்பையில் போடமுதல் ஒருதரம் வாசியுங்கள். கையெழுத்துச் சேர்த்து நாடு முழுக்க வாக்குக்கு விடுகிற முன்மொழிவு ஒன்றின் நோட்டீஸ் அது. 2050க்கு முன் நாட்டின் நிரந்தரக் குடித்தொகை 10 மில்லியனைத் தாண்டக்கூடாது, 9.5 மில்லியனைத் தொட்டாலே அரசாங்கம் நடவடிக்கை எடுக்கவேண்டும், முக்கியமாக அகதி விடயத்திலும் குடும்ப இணைவிலும் என்று அதில் இருக்கிறது. இப்போதே 9 மில்லியனுக்கு மேல். நீங்கள் வந்தது குடும்ப இணைவில். எங்கள் ஆக்கள் ‘அகதி’ என்ற சொல்லோடு வாசிப்பதை நிறுத்திவிட்டு, "நாங்க இப்ப அகதி இல்லத்தானே" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

நோட்டீஸைவிட அந்த நல்ல மனிதர் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. முப்பது வருசத்துக்கு மேலாக நான் கேட்டுவரும் வசனம் அது. கத்துகிறவன் சொல்ல மாட்டான். கத்துகிறவனை நேற்றுவரை பிடிக்காதவர்தான் சொல்வார்.

நான் சுவிசில் வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு இத்தாலிக் கிழவர் இருந்தார், போன வருசம் போய்விட்டார். அறுபதுகளில் கட்டட வேலைக்கு வந்தவர். பருவகால விசா என்றால் வருசத்தில் ஒன்பது மாதம் வேலை, பெண்சாதி பிள்ளையைக் கூட்டிவர அனுமதி இல்லை. இவர் களவாகக் கூட்டிவந்து, மகனை ஒரு அறைக்குள் சத்தமில்லாமல் வளர்த்திருக்கிறார். பகலில் யன்னல் பக்கம் போகக்கூடாது, அழக்கூடாது. இப்படி ஒளித்து வளர்ந்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். 1970 ஜூன் 7இல் ஜேம்ஸ் ஷ்வார்சன்பாக் என்ற எம்.பி. கொண்டுவந்த முன்மொழிவுக்கு வாக்கெடுப்பு: ஜெனீவா தவிர எந்த மாநிலத்திலும் வெளிநாட்டார் 10 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வென்றிருந்தால் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் போக வேண்டி வந்திருக்கும். 54 வீதம் வேண்டாம் என்றது. (வாக்களித்தது ஆண்கள் மட்டும். சுவிஸ் பெண்களுக்கே கூட்டாட்சி மட்டத்தில் வாக்குரிமை 1971இல்தான். இதைச் சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்புவதில்லை.)

கிழவர் அன்றிரவு வைன் குடித்துக் கொண்டாடினாராம். ஆனால் வாக்கெடுப்புக்கு மூன்று மாதம் முன்னமே அரசாங்கம் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு உச்சவரம்பு போட்டுவிட்டது, ஷ்வார்சன்பாக்கின் காற்றைப் பிடுங்க. மனிதர் தோற்றார், அவர் கேட்டதில் ஒரு பங்கு நடந்தது. முன்மொழிவு தோற்ற பிறகு எங்கள் சங்கத்து ஆக்கள் ‘வென்றிட்டம்’ என்று படம் போடும்போது எனக்கு அந்த வைன்தான் ஞாபகம் வரும்.

அவர்களுக்குப் பிறகு நாங்கள். என் அவர் எண்பதுகளின் நடுவில் சுவிசுக்குப் போனவர். தோல் ஜாக்கெட் போட்ட தமிழ்ப் பொடியன்கள், வேலை செய்யாமல் ஸ்டேஷனில் நிற்கிறவர்கள், தூள் விற்கிறவர்கள் என்று பத்திரிகைகள் எழுதிய காலம். ஜாக்கெட் யாரோ தானமாகக் கொடுத்தது. நிற்பது, வேலை செய்ய அனுமதி இல்லாததால். 1989 ஜூலையில் கூர் நகரத்தில் தமிழ் அகதிகள் இருந்த வீட்டுக்குத் தீ வைத்ததில் நாலு பேர் செத்துப்போனார்கள், பிள்ளைகளும். நான் 1992இல் போனபோதும் அந்தப் பேச்சு வந்தால் அவர் எழும்பிப்போய் கதவுப் பூட்டைப் பார்ப்பார்.

மறுகா நாங்கள் எப்படி ‘நல்ல தமிழர்’ ஆனோம்? ரெஸ்டோரன்ட் குசினியில் சட்டி கழுவினோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம், சத்தம் போடவில்லை. அது உண்மைதான். ஆனால் தொண்ணூறுகளில் யூகோஸ்லாவியா உடைந்து அங்கிருந்து அல்பானியரும் மற்ற ஆக்களும் வந்ததும் உண்மை. விரல் அந்தப் பக்கம் திரும்பியது, எங்களுக்கு மூச்சு வந்தது. 2000 மார்ச்சில் லுசேர்ன் பக்கம் எம்மன் என்ற ஊரில், யாருக்குக் குடியுரிமை கொடுக்கலாம் என்று பெயர் பெயராக வாக்கெடுப்பு வைத்தார்கள். ஊரார் சம்மதித்தது இத்தாலிக்காரருக்கு மட்டும். முப்பது வருசத்துக்கு முன் துரத்தப் பார்த்த அதே இத்தாலிக்காரர்! 2003இல் உச்ச நீதிமன்றம் அந்த முறையை நிறுத்தியது. கிழவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அல்பானியர் கொஞ்சம் அதிகம்தான்" என்றார். பிறகு என் கையைத் தட்டி, உன்னைச் சொல்லவில்லை என்றார்.

இந்த நோட்டீஸுக்குப் பின்னால் நிற்கும் கட்சியின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவிஸ் மக்கள் கட்சி 1991இல் 11.9 வீதம், 2023இல் 27.9 வீதம். அதன் முன்னணி ஆளான கிறிஸ்டோஃப் பிளோகர் 2003 டிசம்பரில் மந்திரியாகத் தெரிவானார், கையில் கிடைத்தது நீதி அமைச்சு. 2006இல் அகதிச் சட்டத்தை இறுக்கியதற்கு 68 வீதம் ஆதரவு. அந்தக் கட்சியிடம் அவ்வளவு வாக்கு இல்லை, மற்றக் கட்சி ஆக்களும் சேர்ந்துதான் போட்டார்கள். 2007இல் மூன்று வெள்ளை ஆட்டில் ஒன்று ஒரு கறுப்பு ஆட்டை உதைத்துத் தள்ளும் படம் வந்தது. உலகம் முழுக்கக் காறித் துப்பியது. 2010இல் அந்தக் கறுப்பு ஆட்டு முன்மொழிவு, அதாவது குற்றம் செய்த வெளிநாட்டாரை நாடு கடத்துவது, வாக்குக்கு வந்தபோது பாராளுமன்றம் ஒரு மாற்று யோசனையையும் பக்கத்தில் வைத்தது. அதிலும் நாடு கடத்தல் இருந்தது, கொஞ்சம் நாகரிகமாக. கடத்தாமல் விடுவதா என்று வாக்குக் கடுதாசியில் தனியாக ஒரு கேள்வி இல்லை. இரண்டுக்கும் இல்லை என்று போடலாம், அவ்வளவுதான். படத்தைக் கண்டு துப்பியவர்களே அதன் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். முன்மொழிவு வென்றது.

சொற்களும் இப்படித்தான் நடக்கின்றன. அந்நியர் மிஞ்சிப்போவதைச் சொல்லும் ‘யூபர்ஃப்ரெம்டுங்’ தெருச் சண்டியன் உண்டாக்கிய சொல் இல்லை, 1931ஆம் ஆண்டு வெளிநாட்டார் சட்டத்திலேயே இருந்தது. இப்போது அதைச் சொல்ல வெட்கம். அதனால் ‘டிஷ்டெஸ்ட்ரெஸ்’, நெருக்கத்தின் அழுத்தம். ரயிலில் இடமில்லை, வாடகை ஏறுகிறது, காணி கொங்கிரீட்டாகிறது. பத்து மில்லியன் முன்மொழிவே தன்னை நிலைபேறு, சூழல் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. வாடகை ஏறுவது பொய்யா? இல்லை, நாங்களும்தானே கட்டுகிறோம். அதனால்தான் உங்கள் நல்ல மனிதரால் அதை மனச்சாட்சி உறுத்தாமல் சொல்ல முடிகிறது.

2009இல் மசூதிக்கு மினாரா கட்டத் தடை கேட்டார்கள். நாடு முழுக்க அப்போது இருந்தது நாலே நாலு மினாரா. 57.5 வீதம் ஆமென்றது. வாக்குரிமை கிடைத்த எங்கள் ஆக்கள் சிலரும் போட்டார்கள், கோயில் மண்டபத்தில் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்று சொன்னதைக் காதால் கேட்டேன். முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்கும் பக்கத்துத் தமிழ் ஊரான எங்கள் ஆரையம்பதிக்கும் இடையில் இருந்த கோபத்தைச் சூட்கேஸில் கொண்டுபோயிருக்கிறோம். இப்போது எரித்திரியாப் பொடியன்களைப் பற்றி நாங்கள் சொல்வது, என் அவரைப் பற்றி அன்று பத்திரிகையில் வந்ததேதான்.

இங்கே விறாந்தையில் இருக்க இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அப்பா படுவான்கரையில் ஒரு போடியாருக்கு, அதாவது பெரிய வயல்காரருக்கு, முல்லைக்காரனாக வயல் வேலை பார்த்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஓடிவந்த சில குடும்பங்கள் வட்டைப் பக்கம், வயல் ஓரமாக, குடில் போட்டன. எனக்கு ஒன்பது வயது. சம்பளத்தைக் குறைத்துப் போடுகிறான்கள், காட்டை வெட்டுகிறான்கள், தோட்டக்காட்டான்கள் பெருத்துவிட்டான்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. குறைந்த சம்பளத்தைக் கொடுத்தது யார் என்று கேட்க எனக்கு அப்போது தெரியாது. எங்களோடு வேலை செய்த ஒருவர் முற்றத்தில் இருந்து சோறு தின்னும்போது அப்பா சொன்னார்: "உன்னச் சொல்லல்லடா, நீ நல்லவன்." அந்த மனிதர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர்கள் சனத்தில் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது என்பதைப் பிறகு படித்துத்தான் அறிந்தேன். சுதந்திரம் கிடைத்த அதே வருசம், முறையாகப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றிய சட்டம்.

சரி, உங்கள் அலுவல். மொழி வகுப்பை விடாதீர்கள். கடன் கட்டாமல் ‘பெத்ரைபுங்’, அதாவது கடன் அறவீட்டுப் பதிவு, விழ விடாதீர்கள், சமூக உதவிக் காசில் நீண்டகாலம் தங்காதீர்கள். 2019இலிருந்து நிரந்தர வதிவிடமான சி விசாவையே, அடிக்கடி புதுப்பிக்கவேண்டிய பி ஆகக் குறைக்க முடியும். மனுசி சிவப்புப் பாஸ்போர்ட், சுவிஸ் பிரஜை என்றபடியால், கலியாணம் கட்டி மூன்று வருசமும் அங்கே வசித்து ஐந்து வருசமும் ஆனால் இலகு முறையில் குடியுரிமைக்குப் போடலாம். ஒருநாளும் பிந்தாமல் போடுங்கள்.

அந்த மனிதரோடு சண்டை பிடிக்க வேண்டாம். கோப்பி குடிக்கும்போது, "என்னை இல்லையென்றால் யாரை?" என்று மட்டும் கேட்டுப்பாருங்கள். நான் இரண்டு தரம் கேட்டிருக்கிறேன். ஒருத்தி அழுதாள், மற்றவர் ஒரு மாதம் கதைக்கவில்லை.

இன்னொன்று. மனுசிக்கு வாக்குக் கடிதம் வீட்டுக்கு வரும். இளம் ஆக்கள் அதை இலவசப் பேப்பரோடு கட்டிக் குப்பைக்கு வைத்துவிடுகிறார்கள். எடுத்து மேசையில் வையுங்கள். வாக்கு அட்டையில் கையெழுத்து வைத்தாவா என்றும் பாருங்கள், எங்கள் மாநிலத்தில் கையெழுத்து இல்லாமல் தபாலில் போட்டால் செல்லாது. 2014 பெப்ரவரியில் பெருந்தொகைக் குடிவரவுக்கு எதிரான முன்மொழிவு 50.3 வீதத்தால் வென்றது, வித்தியாசம் 19,302 வாக்கு. என் அவர் அதற்கு இரண்டு வருசம் முன்தான் பிரஜையானவர். முதல் நாளே நிரப்பி, ஒட்டி, தானே நடந்துபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். கையெழுத்து வைக்கவில்லை என்பது இரவு பல் தீட்டும்போதுதான் ஞாபகம் வந்தது.