ஹானர்ஸ் காலேஜ் நிகழ்ச்சிகள்: எதற்குப் போகலாம், எதை விடலாம்

தம்பி, உங்கள் கேள்வி இதுதானே: அமெரிக்கா வந்து முதல் செமஸ்டர், ஹானர்ஸ் காலேஜில், அதாவது பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கான சிறப்புப் பிரிவில், இடம் கிடைத்திருக்கிறது. சிறப்புரை, பேராசிரியருடன் இரவு உணவு, ஆராய்ச்சி அறிமுகக் கூட்டம், வெளியூர்ப் பயணம் என்று வாரம் தவறாமல் மெயில் வருகிறது. எல்லாவற்றுக்கும் போனால் மார்க் போய்விடுமா, போகாவிட்டால் எதையாவது இழந்துவிடுவோமா?

போங்கள். ஆட்கள் குறைவாக வரும் நிகழ்ச்சிகளாகப் பார்த்துப் போங்கள்.

ஹானர்ஸ் என்ற ஏற்பாடே அப்படிச் சிலராகக் கூடிப் பேசுவதற்காகத் தொடங்கியதுதான். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துத் திரும்பிய ஃபிராங்க் எய்டலாட், 1922இல் ஸ்வார்த்மோர் கல்லூரியில் ஹானர்ஸ் படிப்பைக் கொண்டுவந்தபோது, சில மாணவர்கள் ஆசிரியரோடு உட்கார்ந்து விவாதிக்கும் செமினார்தான் அதன் உயிர். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேரட், பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஷ்ரையர் போன்ற ஹானர்ஸ் காலேஜ்கள், ஆயிரக்கணக்கானோர் படிக்கும் வளாகத்துக்குள் அந்தச் சின்ன வட்டத்தை உண்டாக்கப் பார்க்கின்றன. முதலாண்டுப் பெரிய வகுப்பில் பேராசிரியருக்கு உங்கள் முகம்கூடத் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம் ஏற்படுவது இந்த நிகழ்ச்சிகளில்தான்.

இரவு உணவு அழைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் இருப்பார்கள். விருந்தினர் பேசி முடித்ததும் கேள்வி கேட்கச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் சட்டென்று தட்டைப் பார்க்கத் தொடங்குவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். பெரியவர்கள் முன் அடக்கமாக இருக்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே அந்த மௌனத்தை ஆர்வமின்மை என்றே எடுத்துக்கொள்வார்கள். போவதற்கு முன் அவருடைய கட்டுரை ஒன்றின் சுருக்கத்தையாவது படித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். "இந்த முடிவுக்கு வருவதற்கு முன் எதையெல்லாம் முயன்று கைவிட்டீர்கள்?" என்று கேட்டால் போதும், யாரும் மனம் விட்டுப் பேசுவார்கள். உங்கள் துறைப் பேராசிரியர் யாராவது அங்கே வந்திருந்தால், மறுநாள் காலை அவருக்கு மூன்று வரி மெயில்: நான் இன்னார், நேற்றைய பேச்சில் இது மனதில் நின்றது, உங்கள் ஆஃபீஸ் அவர்ஸில் (மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரம்) வந்து பார்க்கலாமா. லேப் வாய்ப்பு, தீசிஸ் (ஆய்வேடு) வழிகாட்டி, பின்னாளில் பரிந்துரைக் கடிதம் எல்லாம் இப்படித்தான் வருகின்றன. பெரும்பாலான ஹானர்ஸ் காலேஜ்களில் தீசிஸ் கட்டாயம் என்பதால், இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் இரண்டு பேராசிரியர்களுக்காவது உங்களை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ரெஸ்யூமே பயிற்சிக்கு ஒருமுறை போனால் போதும். மிட்டெர்ம் (செமஸ்டர் நடுவில் வரும் தேர்வு) வாரத்தில் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். ஹானர்ஸில் நீடிக்க ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) வரம்பு உண்டு, அதை எந்தச் சிறப்புரையும் ஈடுகட்டாது. பல இடங்களில் ஹானர்ஸ் மாணவர்களுக்குப் பாடப்பதிவு முன்னதாகவே திறக்கும். அதைப் பயன்படுத்தி இரண்டு மாலை நேரங்களைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரைச் சுற்றிப் பார்க்கும் நிகழ்ச்சி என்று தள்ளிவிடக் கூடாத ஒன்று 'சிட்டி அஸ் டெக்ஸ்ட்'. ஹானர்ஸ் படிப்புகளுக்கான தேசிய அமைப்பான நேஷனல் காலேஜியேட் ஹானர்ஸ் கவுன்சில் வளர்த்த முறை இது. சிறு குழுக்களாக ஒரு நகரப் பகுதியில் நடந்து, கவனித்து, அங்கிருப்பவர்களிடம் பேசி, கண்டதை எழுத வேண்டும். இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த நமக்கு இதைவிட நல்ல வகுப்பு கிடையாது என்பேன்.

இனி விசா விஷயம். நீங்கள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்திருந்தால் சில கதவுகள் மூடியிருக்கும், அதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தரும் ஆர்ஈயூ கோடைகால ஆராய்ச்சி, கோல்ட்வாட்டர் உதவித்தொகை இரண்டும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு என்ற நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். ட்ரூமன் உதவித்தொகைக்கு கிரீன் கார்டுகூடப் போதாது. அந்த அறிமுகக் கூட்டங்களில் மாலையைச் செலவழிக்க வேண்டாம். மேற்படிப்புக்கான உதவித்தொகைகளில் ஸ்டான்ஃபோர்டின் நைட்-ஹென்னசி, கேட்ஸ் கேம்பிரிட்ஜ் இரண்டும் நமக்கும் திறந்திருக்கின்றன, அவற்றின் கூட்டங்களுக்குப் போங்கள். 1987 முதல் நடக்கும் இளங்கலை ஆராய்ச்சிக்கான தேசிய மாநாட்டில் உங்கள் ஆய்வை நீங்களும் வழங்கலாம். பயணச் செலவைக் காலேஜ் ஏற்குமா என்று கேளுங்கள், கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கும்.

வளாகத்துக்குள் சம்பளத்தோடு லேப் வேலை என்றால், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். வெளியே சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் என்றால் சிபிடி (படிப்பின் பகுதியாக வேலைப் பயிற்சி) அனுமதி வேண்டும், அதற்குப் பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். உதவித்தொகை என்று யார் எதைத் தந்தாலும், சரி என்று சொல்வதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

ஹானர்ஸ் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள்: அந்த நாட்டுக்கு உங்களுக்கு விசா வேண்டுமா, திரும்பும் தேதியில் உங்கள் எஃப்-1 விசா செல்லுபடியாகுமா, ஐ-20இல் (காலேஜ் தரும் மாணவர் தகுதிப் படிவம்) பயணக் கையெழுத்து ஓராண்டுக்குள் போட்டதா. கூட வரும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லைகள் இல்லாததால் ஏற்பாடு செய்பவர்களுக்கு இது தோன்றாமல் போகலாம். முன்பணம் கட்டும் முன்பே நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.